பத்து வருடம் கேட்ட ஆன்ட்டி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மறதி நோய், நடுக்க நோய் போல மூளையை மெல்லத் தின்னும் நோய்களின் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் மாநிலப் பணம் கொடுத்துவந்த ஒரு சட்டம் அந்த ஜூன் கடைசியோடு காலாவதியாக இருந்தது.

2. அதை இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்க ஒரு செனட்டர் மசோதா கொண்டுவந்தார்.

3. மசோதாவை ஆதரித்து எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முப்பத்தெட்டுக் கடிதங்கள் அனுப்பின. அத்தனை கடிதத்திலும் பத்து வருடம் கேட்டிருந்தோம்.

4. அதனாலேயே மசோதா படுத்துவிட்டது.

5. ஆன்ட்டி மாநிலத் தலைநகர் ட்ரெண்டனுக்குப் போய் மூன்று நிமிடம் பேசினார்.

மூன்றாவதை டைப் அடித்தவள் நான். பத்து என்று போடச் சொன்னவர் ஆன்ட்டி. ஏன் போடச் சொன்னார் என்பது அவரை ஒரு வாரம் பார்த்திருந்தால் யாருக்கும் புரிந்துவிடும். நான் இரண்டு வருடம் பார்த்தேன்.

தொண்ணூற்றெட்டில் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தபோது, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவர் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இடம் பார்க்கப் போனேன். அவர் வாடகையைச் சொன்னதும் "சரி ஆன்ட்டி" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன கண்ணு, உடனே சரிங்கறே? கொறச்சுக் கேக்க மாட்டியா?"

"நியாயமாத்தானே இருக்கு ஆன்ட்டி."

"நியாயமா? நீ கொறைப்பேன்னு நெனச்சு ஏத்திச் சொன்னது அது. நீ பாட்டுக்கு ஒத்துக்கிட்டா எனக்குப் பாவமில்லையா?"

பிறகு எனக்காக அவரே கேட்டு, அவரே மறுத்து, அவரே இறங்கிவந்து ஒரு இடத்தில் நின்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "இந்தப் பொண்ணு பேசிப் பேசியே கொறச்சுட்டா" என்று பின்னால் பலரிடம் பெருமையாகச் சொன்னார்.

அவர் ஈரோட்டு ஜவுளிக் குடும்பம். ஆனால் கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். பணம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நேரம், தேதி, தூரம், வேகம், எண்ணிக்கை என்று எது கையில் கிடைத்தாலும் பேரம் பேசுவார். ஒரு வாரம் சும்மா குறித்து வைத்தேன். நூலகத்தில் புத்தகம் வைத்துக்கொள்ளும் நாள்கள், பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட், கார் சர்வீஸ் முடியும் நேரம், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவு. நான்கிலும் ஏதோ கொஞ்சம் கிடைத்திருந்தது. நாய் விஷயத்தில்கூட.

ஒருமுறை ரூட் 18-ல் போலீஸ்காரர் நிறுத்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் ஆன்ட்டி எழுபது போயிருந்தார். ஆன்ட்டி கண்ணாடியை இறக்கி, லைசென்ஸை நீட்டி, மிக மரியாதையான ஆங்கிலத்தில், "அறுபது என்று எழுதிக்கொள்ளுங்கள் ஆபீசர்" என்றார். போலீஸ்காரருக்குப் புரியவில்லை. "சரி, அறுபத்தைந்து" என்றார் ஆன்ட்டி. போலீஸ்காரர் சிரித்துவிட்டு எழுபது என்றே எழுதிக் கொடுத்தார்.

"ஒண்ணும் கொறைக்கலையே ஆன்ட்டி."

"சிரிச்சான்ல? அது போதும்."

பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு, காரியம் முடிந்தபின் கோவிலில் நின்று, "இந்த ஊர்ல தேங்காய் பாதி அழுகல் சாமி, அஞ்சு நல்லதா ஒடைச்சுடறேன்" என்று பேசி முடித்ததையும் கேட்டிருக்கிறேன்.

அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆன்ட்டியின் கணவர் ஒரு மருந்துக் கம்பெனியில் வேதியியலாளராக இருந்தவர். ஐம்பத்தாறு வயதில் மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள். நான் குடிபோனபோது அவருக்கு ஐம்பத்தெட்டு. பார்த்தால் ஒன்றும் தெரியாது. சலவைச் சட்டை, டை, வாரிய தலை. என்னைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் முதல்முறை பார்ப்பதுபோல் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்பார்.

"கம்ப்யூட்டர் அங்கிள். Y2K. பழைய ப்ரோகிராம்ல வருஷம் ரெண்டு டிஜிட்ல இருக்கும். அதை நாலு டிஜிட்டா மாத்தறோம்."

"அதுக்கு உங்களைச் சென்னையில இருந்து கூட்டிட்டு வந்தாங்களா?"

"ஆமா அங்கிள்."

"ரெண்டே போதுமே" என்பார் யோசனையாக. வாரத்தில் மூன்று முறையாவது இதைப் பேசுவோம். மூன்று முறையும் அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

அவருக்குக் குளிக்கப் பிடிக்காது. நோயில் அதுவும் ஒன்று. என் அறைக்கு மேலேதான் குளியலறை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பேச்சு காதில் விழும்.

"ஏனுங்க, குளிக்கலாமுங்களா?"

"காலையிலதான் குளிச்சேன் அம்மிணி."

"சரி, குளிக்க வேண்டாம். காலை மட்டும் நனைச்சுக்கலாம்."

"காலை மட்டும்தான்."

"காலுன்னா முட்டி வரைக்கும்."

"முட்டி வரைக்குமா? கணுக்கால் வரைக்கும்."

"உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். பாதி முட்டி."

இப்படி முழங்கால், இடுப்பு, கை, முதுகு என்று ஏறி, அரைமணியில் தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். ஒரு நாளும் ஆன்ட்டி குரலை உயர்த்திக் கேட்டதில்லை. அங்கிளும் தோற்றதாக நினைத்ததில்லை. "இன்னைக்கு முட்டியோட விட்டுட்டா" என்று ஈரத்தலையோடு என்னிடம் வந்து சொல்வார்.

வாரத்தில் நான்கு நாள் அங்கிள் ஒரு பகல் மையத்துக்குப் போவார். இந்த நோய் வந்தவர்களுக்காகவே நடந்த இடம். ஒரு பக்கம் பயிற்சி, பாட்டு, சாப்பாடு. இன்னொரு பக்கம் ஆராய்ச்சி டாக்டர்கள் ரத்தம் எடுப்பார்கள், புது மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் பார்த்த அங்கிள் அதைத் தன் லேப் என்று முடிவுசெய்துவிட்டார். காலையில் டை கட்டி, பழைய கம்பெனி பேட்ஜை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ரத்தம் எடுக்க வரும் பெண்ணிடம் "சாம்பிளுக்கு லேபிள் ஒட்டினாயா?" என்று கேட்பாராம். அவளும் ஒட்டிக் காட்டுவாளாம். சாயங்காலம் களைப்பாக, திருப்தியாக வருவார்.

"இன்னைக்கு பேட்ச் நல்லா வந்துச்சு அம்மிணி."

"நல்லதுங்க. கை கழுவிட்டு வாங்க."

அடுத்த வருடம் மார்ச் மாதம் மையத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மாநிலச் சட்டம் காலாவதியானால் ஜூலையிலிருந்து மையம் நடக்காது என்றது. ஆன்ட்டி அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இவருக்கு வேலை போயிரும் போல கண்ணு."

எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு பயம் விளக்காமலே புரியும். விஷயம் தமிழ்ப் பள்ளி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். நான் வேர்டில் ஒரு கடிதம் அடித்து, ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் விலாசமும் தானாக விழும்படி செய்துகொண்டேன். ஆன்ட்டி பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"எத்தனை வருஷம் போட்டிருக்கே?"

"அஞ்சு ஆன்ட்டி. மசோதாவுல அஞ்சுதான் இருக்கு."

"பத்துன்னு போடு."

"மசோதாவுல அஞ்சு இருக்கறப்ப..."

"கண்ணு, அஞ்சு வேணும்னா பத்து கேக்கணும். அஞ்சுன்னு கேட்டா ரெண்டரைல வந்து நிக்கும். இஞ்சினியரிங் காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

போட்டேன். எனக்கே அது சரி என்று தோன்றியதுதான் வேடிக்கை. ஞாயிறன்று கையெழுத்து வாங்கியபோது முப்பத்தெட்டுக் குடும்பத்தில் ஒருவர்கூட, மசோதாவில் ஐந்துதானே என்று கேட்கவில்லை. எடிசனிலிருந்து வந்த ஒரு அங்கிள் கடிதத்தைப் படித்துவிட்டு, "பத்துதானா? பதினஞ்சு போட்டிருக்கலாமேம்மா" என்றார். "பதினஞ்சுன்னா சிரிப்பாங்க, பத்துன்னா யோசிப்பாங்க" என்றார் ஆன்ட்டி, வெகு நாள் சட்டமன்றத்தில் இருந்தவர்போல.

மூன்று வாரம் கழித்து அந்த செனட்டரின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உதவியாளராக இருந்த பெண். பொறுமையானவள். ஆன்ட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

அந்தப் பெண் சொன்னது இதுதான். ஐந்து வருடம் என்பது சும்மா எழுதிய எண் இல்லை. செனட்டர் குளிர்காலம் முழுக்க இரண்டு கட்சி ஆட்களிடமும் நடையாக நடந்து ஒத்துக்கொள்ள வைத்தது. மசோதாவைப் பரிசீலிக்கும் குழுவில் ஓர் உறுப்பினருக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. இப்போது அவர் எங்கள் கடிதக் கட்டைத் தூக்கிக் காட்டுகிறார். "கேட்பவர்களுக்கே ஐந்து போதவில்லையாம். இன்றைக்கு ஐந்து கொடுத்தால் நாளைக்குப் பத்து என்பார்கள். ஒரு வருடம் கொடுத்து நிறுத்துவோம், பிறகு பார்க்கலாம்" என்கிறார். மற்றவர்களும் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். ஒரு வருடத்துக்கு எந்த ஆராய்ச்சி டாக்டரும் வரமாட்டார். மருந்து பரிசோதனை ஒவ்வொன்றும் மூன்று நான்கு வருடம் ஓடுவது.

ஆன்ட்டி போனை வைத்தார்.

"அப்ப அஞ்சுங்கறது முடிஞ்ச வெலையா?"

"ஆமா ஆன்ட்டி."

"பேசி முடிச்சதையா எழுதி வெளிய உட்டாங்க?"

"ஆமா."

"முடிஞ்ச வெலையில போய் நான் மறுபடியும் பேசியிருக்கேன்" என்றார். அவர் ஊரில் அதைவிடக் கேவலம் இல்லை போலிருக்கிறது. அன்றைக்கு அங்கிள் கணுக்காலோடு தப்பித்துவிட்டார்.

மறுநாள் முப்பத்தெட்டு வீட்டுக்கும் ஆன்ட்டி போன் செய்தார். நான் பட்டியல் வைத்துக்கொண்டு டிக் அடித்தேன். தப்பு தன்னுடையது, அவரவர் கையால், அவரவர் பாஷையில், ஐந்து என்று எழுதுங்கள் என்றார். முப்பத்தொரு டிக் விழுந்தது. எடிசன் அங்கிள் மட்டும் "எட்டுன்னு போடட்டுமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

உதவியாளப் பெண் மறுபடி கூப்பிட்டு, குழு முன்னால் வந்து பேச முடியுமா, ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றாள். ஆன்ட்டி உடனே, "பத்து நிமிடம்?" என்றார். என்னைப் பார்த்தார். "மூன்று போதும்" என்றார்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, அங்கிளை 'வேலை'யில் விட்டுவிட்டு ட்ரெண்டனுக்குக் காரில் போனோம். நான் எட்டு பாயின்ட்டுகள் எழுதி ஒரு அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். ஆன்ட்டி அதைக் கைப்பையில் வைத்தார். அதன் பிறகு அது வெளியே வரவில்லை.

சாட்சி மேஜையில் ஒரு சின்ன விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஆன்ட்டி பட்டுப்புடவையில் போய் உட்கார்ந்து, பெயர் சொல்லி, கணவருக்கு என்ன நோய் என்று சொல்லி முடிப்பதற்குள், ஒரு வருடம் போதும் என்ற அந்த உறுப்பினர் கையைத் தூக்கினார். அவர் முன்னால் எங்கள் முப்பத்தெட்டுக் கடிதங்களும் கிளிப் போட்டு இருந்தன. இனி நடந்த பேச்சு ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, உங்கள் கடிதம் பத்து என்கிறது. மசோதா ஐந்து என்கிறது. நாங்கள் ஒன்று என்று யோசிக்கிறோம். உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

வேறு எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் அவர் தயாரித்தபடி பேசியிருப்பார். இப்படிக் கேட்டால் என்ன செய்வார், பாவம்.

"ஒன்று ரொம்பக் குறைவு ஐயா. எட்டு சொல்லுங்கள்."

அறை சிரித்தது. மூன்றாவது வரிசையில் நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஒன்று" என்றார் அவர், சிரித்தபடியே.

"ஆறு."

"அம்மா, இது அப்படி நடக்கிற இடம் இல்லை."

"அப்படியானால் வேண்டாம், விடுங்கள்" என்று ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். எந்தக் கடையிலும் அவர் நான்கு அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வரும். நான் எண்ணினேன். நான்கு, ஐந்து, ஆறு. யாரும் கூப்பிடவில்லை. குழுத் தலைவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். ஒரு நரம்பியல் டாக்டர் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆன்ட்டி கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். பிறகு திரும்பி நடந்தார். டாக்டரின் பக்கத்தில் போய் நின்று, "எனக்கு இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருக்கிறது" என்றார். உண்மையில் ஒன்றேகால் நிமிடம் இருந்தது. டாக்டர் எழுந்து மைக்கை அவர் பக்கம் திருப்பிவிட்டார். ஆன்ட்டி உட்காரவில்லை.

"இப்போது சரியானதைச் சொல்கிறேன். மையத்துக்குத் தானாக நடந்து வந்து, தானாகச் சாப்பிடுகிறவர்களைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். என் கணவர் இன்னும் ஒரு வருடம் அப்படி இருப்பார் என்று டாக்டர் பிப்ரவரியில் என்னிடம் சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் சொல்கிற ஒரு வருடம் எனக்குக் கச்சிதமாகப் போதும். வாங்கிக்கொண்டு இப்போதே வீட்டுக்குப் போகலாம். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் முதல்முறையாகத் தன் கணவரை அழைத்து வந்தாள். அவருக்கு ஐம்பத்தொன்று. இன்னும் அவர்தான் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். ஐந்து வருடம் அவளுக்கு. அதில் எனக்குப் பங்கு இல்லை. பத்து கேட்டது என் தவறு. அதற்காக அவளுக்குக் குறைக்காதீர்கள்."

மஞ்சள்கூட எரியவில்லை. ஆன்ட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். பிப்ரவரியில் டாக்டர் சொன்னதை அவர் என்னிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அந்த வீட்டில்தான் நானும் இருந்தேன், மேலே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு.

நாங்கள் கிளம்புவதற்குள் குழு மூன்று வருடம் என்று திருத்தி மசோதாவை மேலே அனுப்பியது. அந்த உறுப்பினர் ஆதரித்துத்தான் வாக்களித்தார்.

திரும்பி வரும்போது டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஆன்ட்டிதான் ஓட்டினார். பாதி வழியில் ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டினார்.

"கடைசி வெலையைச் சொல்லிட்டேன் பாரு. அதான் மூணுல நின்னுருச்சு."

"சொல்லலைன்னா ஒண்ணுதான் ஆன்ட்டி கெடச்சிருக்கும்."

"உனக்கென்ன தெரியும்? இன்னும் ரெண்டு நிமிஷம் கதவுகிட்ட நின்னிருந்தா கூப்பிட்டிருப்பான்."

"கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

"கூப்பிட்டிருப்பான்."

எக்ஸிட் 9 வரைக்கும் இதே பேச்சு. அங்கே இறங்கும்போது, "சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், பாதி கூப்பிட்டிருப்பான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கிளை மையத்திலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று வேகத்தைக் கூட்டினார். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் எனக்கு சான்டா கிளாராவில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். மாதம் ஒருமுறை போனில் பேசுகிறோம்.

இப்போதைய நிலை: அங்கிள் அதன் பிறகு பதினாறு மாதம் மையத்துக்குப் போனார். இப்போது வீட்டில், படுக்கையில் இருக்கிறார். பேச்சு நின்றுவிட்டது. ஆன்ட்டியை அடையாளம் தெரிகிறதா என்று ஆன்ட்டிக்கும் தெரியவில்லை. மையம் நடக்கிறது. அந்த ஐம்பத்தொரு வயதுக்காரர் இன்னும் வருகிறார். கார் ஓட்டுவது மனைவி. சட்டம் அடுத்த ஜூன் கடைசியில் மறுபடியும் காலாவதியாகிறது. ஐந்து வருடம் நீட்டிக்க ஒரு மசோதா அதே குழுவில் இருக்கிறது. விசாரணைக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.